நத்தை சும்மா இல்லை

மீன் தொட்டிக்கு நத்தை வாங்கிப் போனவர் மறுவாரமே கடைக்குத் திரும்பி வந்தால், அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "அண்ணே, இது செத்துப்போச்சா, உயிரோட இருக்கா?" சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைக்காரர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. அனுபவசாலி நத்தையைத் தண்ணீரிலிருந்து எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். குடலைப் புரட்டும் நாற்றம் வந்தால் கதை முடிந்தது. வராவிட்டால், "தூங்குதுங்க, விடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் சொல்வது இரண்டுமே சரி. செத்த நத்தை வெகு சீக்கிரம் அழுகிவிடும். அந்த நாற்றத்தை மறைக்க முடியாது. தூங்குகிறது என்பதும் பேச்சுக்குச் சொல்லும் சமாதானம் இல்லை. 2011-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்டீபன்சன், வெர்ன் லூயிஸ் இருவரும் லிம்னியா ஸ்டாக்னாலிஸ் என்ற குளத்து நத்தையைக் கண்காணித்து, அதற்குத் தூக்கத்தை ஒத்த ஒரு நிலை உண்டு என்று காட்டினார்கள். உணர்கொம்புகள் தளர்ந்து, பாதம் தளர்ந்து, ஓடு உடம்பை விட்டு விலகித் தொங்க, நத்தை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டினாலும் உணவு காட்டினாலும் விழித்திருக்கும் நத்தையைவிட மந்தமாகத்தான் அசையும். வியப்பு அதன் கால அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம் நீளும் குட்டித் தூக்கங்கள், 13 முதல் 15 மணி நேரத்துக்குள் ஏழெட்டு முறை வருகின்றன. அதன் பிறகு ஒன்றரை நாள் அளவுக்குத் தூக்கமே கிடையாது. இரவு பகல் கணக்கோடு இந்த அட்டவணைக்குச் சம்பந்தமில்லை. ஆகவே, காலையில் பார்த்தேன், மாலையிலும் அங்கேயே இருக்கிறது என்று பதறுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

மீனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நத்தை பிடிபடாமல் போவதற்குக் காரணம் அதன் வேகம் மட்டும் இல்லை. மீன் பெரும்பாலும் நாம் பார்க்கிற பொருள்களுக்கே எதிர்வினை காட்டுகிறது: கையை நீட்டினால் ஓடுகிறது, உணவு விழுந்தால் பாய்கிறது. நத்தை எதற்கு அசைகிறது, எதற்கு நிற்கிறது என்பது நம் கண்ணில் படுவதே இல்லை. தொட்டித் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் முடிவுகள் பெரும்பாலும் அமைகின்றன.

யார் யார் தொட்டியில் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். கடையில் 'ஆப்பிள் நத்தை', 'மிஸ்டரி நத்தை' என்று விற்பது பெரும்பாலும் பொமேசியா டிஃபியூசா. அமேசான் படுகையைச் சேர்ந்தது. மஞ்சள், தந்தம், நீலம், ஊதா என்று நிறம் பிரித்து வளர்க்கிறார்கள். வரிவரியான ஓட்டுடன் கண்ணாடியை வழித்துக்கொண்டிருப்பது நெரைட். இவை காசு கொடுத்து வாங்குபவை. செடியோடு ஒட்டிக்கொண்டு ஓசியில் வந்து சேர்பவை மூன்று: தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன், நீர்த்துளி அளவிலான பிளாடர் நத்தை, கூம்பாக நீண்ட மலேசியன் ட்ரம்பெட். கடைசியாகச் சொன்னதற்குப் பெயர்தான் மலேசியா. ஆப்பிரிக்காவிலும் இந்தியா உள்ளிட்ட தெற்காசியாவிலும் இயற்கையாகவே வாழ்கிறது.

ஆப்பிள் நத்தையிடம் புதிதாக வளர்ப்பவரைக் கலங்கடிக்கும் முதல் காட்சி அது மூச்சு விடும் விதம். கண்ணாடியில் ஏறி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். கழுத்தின் இடப்புறத்திலிருந்து ஒரு சதை மடல் சுருண்டு குழாயாகும். அந்தக் குழாய் நீளும், இன்னும் நீளும். உடம்பின் நீளத்தையே தாண்டிவிடுமோ என்று தோன்றும். நுனி நீர்மட்டத்தைத் தொட்டதும் வாய் திறந்துகொள்ளும். பிறகு தலையும் பாதமும் ஓட்டுக்குள் சற்றே இழுபட்டு வெளியே வரும். மறுபடி இழுபடும், மறுபடி வரும். பார்ப்பவருக்கு வலிப்பு வந்ததுபோலத் தெரியும். உள்ளே நடப்பது காற்றை இறைக்கும் வேலை. இந்த நத்தையின் உடலறையில் வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல். தண்ணீரில் ஆக்ஸிஜன் போதுமானவரை செவுள் பார்த்துக்கொள்ளும். குறைந்தால் குழாய் மேலே போகும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், நத்தையின் தேவையோ கூடும். ஏப்ரல், மே மாதங்களில் குழாய் அடிக்கடி மேலே போவதற்கு அதுதான் கணக்கு. எல்லா நத்தைகளும் ஒரே நேரத்தில் மேலே வந்து நின்றால், மீன்களின் மூச்சையும் ஒருமுறை கவனிப்பது நல்லது.

ஏன் இரட்டை ஏற்பாடு என்பதை நம் ஊர் வயலைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு பைலா என்ற பெயர் மறந்திருக்காது. ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் படித்த அந்த வயல் நத்தை, பொமேசியாவின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பம். ஏரியும் வயலும் கோடையில் காய்ந்ததும் பைலா சேற்றுக்குள் இறங்கி, பாதத்தின் மேல் ஒட்டியிருக்கும் கடினமான மூடியால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை கிடக்கும். நீர் இருக்கும் காலத்துக்குச் செவுள், சேறும் வறட்சியுமான காலத்துக்கு நுரையீரல். தொட்டித் தண்ணீரை மொத்தமாக மாற்றியதும் ஆப்பிள் நத்தை ஓரிரு நாள் கதவை மூடிக்கொண்டு கிடப்பதும் இதே பழைய பழக்கத்தின் தொடர்ச்சிதான்: வெளியே ஏதோ சரியில்லை, பொறுத்துப் பார்க்கலாம். அந்த மூடியை நகத்தால் நெம்பிப் பார்ப்பது கூடவே கூடாது. மூடியைப் பிடித்திருக்கும் தசை கிழிந்தால் நத்தை பிழைப்பது கடினம். வேடந்தாங்கலுக்கு வரும் நத்தைகுத்தி நாரைக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். ஓட்டை உடைத்து மெனக்கெடாமல், அலகின் நுனியை மூடிக்கு அடியில் செலுத்தி அந்தத் தசையைத்தான் அது அறுக்கிறது.

நுரையீரலில் காற்று நிறைந்த நத்தை மிதக்கவும் செய்யும். அதுவும் செத்ததன் அடையாளம் என்று நினைத்துத் தூக்கி எறியப்பட்ட நத்தைகள் எத்தனையோ.

மிதப்பதிலும் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. நத்தை நீர்மட்டத்துக்கு வந்து, பாதத்தின் முன்பகுதியை விரித்துக் குவித்து ஒரு புனலாக்கிக்கொள்ளும். பாதத்தின் மேல் இருக்கும் நுண்ணிய ரோமங்கள் அசைய, நீரின் மேற்பரப்பில் படிந்திருக்கும் மெல்லிய ஏடும் மீன் உணவின் தூளும் அந்தப் புனலை நோக்கி மெல்ல நகர்ந்து வரும். சேர்ந்ததைச் சளியில் உருட்டி, தலையைத் திருப்பி விழுங்கிவிடும். காலால் வலை விரித்துச் சாப்பிடும் இந்த வித்தையை விலங்கியலாளர்கள் 1950-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பொடியாக்கிய மீன் உணவைச் சிட்டிகை அளவு தூவிவிட்டு, தொட்டிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து காத்திருக்கலாம்.

மற்ற நேரத்தில் சாப்பிடுவதைப் பார்க்கக் கண்ணாடிதான் நல்ல இடம். வாய் திறக்கும்போது உள்ளேயிருந்து பழுப்பு நிற நாக்கு ஒன்று முன்னே வந்து, கண்ணாடியை ஒரு தடவை வழித்து, உள்ளே போகும். ராடுலா என்னும் இந்த நாக்கில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். முன்வரிசைப் பற்கள் தேயத் தேயப் பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வரும். பாசி படர்ந்த கண்ணாடியில் நெளிநெளியாக ஒரு சுத்தமான தடம் தெரிந்தால், நத்தை தலையை இடமும் வலமும் அசைத்தபடி நடந்த பாதை அது.

ஆப்பிள் நத்தையின் இன்னொரு பழக்கம் கைவிட்டு விழுவது. அரும்பாடுபட்டுக் கண்ணாடியின் உச்சிவரை ஏறும். திடீரெனப் பிடியை விட்டு, மூடியை அடைத்துக்கொண்டு 'டக்' என்று அடியில் விழும். தடுமாற்றமாகத் தெரிகிறது. ஆனால் நீர்மட்டம் இந்தக் குடும்பத்துக்கு ஆபத்தான இடம். அமெரிக்கக் கண்டங்களின் சதுப்பு நிலங்களில் நத்தைப் பருந்து என்றே ஒரு பறவை உண்டு. அதன் இரை கிட்டத்தட்ட முழுக்க ஆப்பிள் நத்தைகள்தான். நீர்மட்டத்துக்கு வந்த நத்தையைக் காலால் கொத்தாகப் பற்றித் தூக்கிப்போய், வளைந்த அலகால் சதையை உருவி எடுத்துவிடும். மேலே நிழலாடினால் பிடியை விட்டுவிடுவதுதான் அங்கே பிழைக்கும் வழி. வீட்டுத் தொட்டியில் நிழலாடுவது உணவு போட வந்த கை. நத்தைக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை.

வாசனைக்கு வருவோம். தண்ணீரில் வாழும் பிராணிக்கு வாசனை, சுவை என்ற பிரிவினைக்குப் பெரிய அர்த்தமில்லை. இரண்டும் கரைந்த வேதிப்பொருள்களை அறிவதுதான். உணர்கொம்புகளும் உதடும் அந்த வேலையைச் செய்கின்றன. அது போதாதென்று உடலறைக்குள் நீர் நுழையும் பாதையில் ஆஸ்ஃப்ரேடியம் என்ற தனி உறுப்பு, வரும் நீரைப் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறது. வேகவைத்த சுரைக்காய்த் துண்டை ஒரு மூலையில் போட்டால், மறு மூலையில் இருக்கும் ஆப்பிள் நத்தை கொம்பை ஆட்டி ஆட்டி, பாதையைத் திருத்தித் திருத்தி அங்கே வந்து சேர்வது இதனால்தான்.

ஆனால் உணவைத் தேடுவதைவிட எதிரியைத் தவிர்ப்பதில்தான் இந்த மோப்பத்தின் திறமை முழுதாக வெளிப்படுகிறது. அதைக் காட்டியது வளர்ப்பவர்கள் அலட்சியப்படுத்தும் பிளாடர் நத்தையின் வம்சம். அமெரிக்கச் சூழலியலாளர் ஆண்ட்ரூ டர்னரும் சக ஆய்வாளர்களும் 1990-களில் ஃபைசா நத்தைகளை இரண்டு எதிரிகளின் வாசனைக்கு ஆட்படுத்திப் பார்த்தார்கள். நத்தை தின்னும் சன்ஃபிஷ் மீன் ஒன்று. கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால் மற்றொன்று. மீன் இருந்த நீரில் நத்தைகள் மறைவிடங்களுக்கு அடியில் போய் ஒளிந்தன. சிங்கி இறால் இருந்த நீரிலோ நீர்மட்டத்தை நோக்கி மேலே ஏறின. மீன் திறந்த நீரில் திரிந்து வேட்டையாடும், அதனிடம் தப்ப இடுக்கு வேண்டும். சிங்கி இறால் தரையில் ஊர்ந்து இடுக்கெல்லாம் துழாவும், அதனிடம் தப்ப உயரம் வேண்டும். ஆபத்து என்று ஒரே பொத்தானை அழுத்துகிற பிராணி இதைச் செய்யாது. யார் வந்திருப்பது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, வெறும் வாசனையை வைத்து.

வாசனை நத்தையின் ஆயுள் திட்டத்தையே மாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. டாட் க்ரௌல், ஆலன் கோவிச் இருவரும் 1990-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், அதே வம்சத்து ஃபைசெல்லா நத்தைகளைச் சாதாரண நீரிலும், சிங்கி இறால் நத்தைகளைத் தின்றுகொண்டிருந்த நீரிலும் தனித்தனியே வளர்த்தார்கள். சாதாரண நீரில் வளர்ந்தவை மூன்றரை மாதத்தில், 4 மில்லிமீட்டர் அளவிலேயே முட்டையிடத் தொடங்கிவிட்டன. எதிரியின் வாடை கலந்த நீரில் வளர்ந்தவை முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டு, கிடைத்த சக்தியையெல்லாம் உடம்பு வளர்ப்பதில் போட்டன. சுமார் 8 மாதத்தில் 10 மில்லிமீட்டர் ஆன பிறகுதான் இனப்பெருக்கம். சிங்கி இறாலுக்குச் சின்ன நத்தையைத்தான் உடைத்துத் தின்ன வசதி, பெரிதாகிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

தொட்டியில் இந்த நாடகத்தைச் சிறிய அளவில் காணலாம். பிளாடர் நத்தைகள் கூட்டமாக நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஏறி நிற்கின்றன என்றால் கீழே ஏதோ இருக்கிறது: கெட்டுப்போன உணவு, தண்ணீரில் சேர்ந்துவிட்ட அம்மோனியா, அல்லது புதிதாகப் போட்ட வேட்டை நத்தை. அசாசின் நத்தை என்று விற்கப்படும் அந்த வேட்டைக்காரர், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட தென்கிழக்கு ஆசிய இனம். பாசியைத் தொடாது, சக நத்தைகளைத் தின்னும். பகலில் மணலுக்குள் புதைந்து, மூச்சுக்குழாய் நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய் மோப்பக் கருவியும்கூட. இரையின் வாடை பட்டதும் மணல் அசையும், வரிப்பட்டை ஓடு மேலே வரும். நத்தையை நத்தை துரத்துவதைக் காணப் பொறுமை வேண்டும். ஆனால் முடிவு சந்தேகமில்லாதது. பிளாடர் நத்தைக்கு இன்னொரு தற்காப்பும் உண்டு: அட்டை வந்து தொட்டால் ஓட்டை இடமும் வலமும் வெடுக் வெடுக்கென உதறி அதைத் தள்ளிவிடும். நத்தைக்கு வேகமே கிடையாது என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்ததில்லை.

இவ்வளவும் பிறவிக் குணம். கற்றுக்கொள்ளவும் தெரியுமா?

தெரியும். அதை நிரூபித்த சோதனை, அறிவியல் சோதனைகளில் மிக எளிமையானவற்றில் ஒன்று. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் கென் லூகோவியாக்கின் ஆய்வகம் குளத்து நத்தை லிம்னியாவைத் தேர்ந்தெடுத்தது. இது தோல் வழியாகவும் மூச்சு விடும்; தேவைப்பட்டால் நீர்மட்டத்துக்கு வந்து, மூச்சுத் துளையைத் திறந்து காற்றும் வாங்கும். ஒரு பீக்கர் நீரில் நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்ஸிஜனை விரட்டினார்கள். நத்தை மேலே வந்து துளையைத் திறந்தது. உடனே ஒரு கூர் மரக்குச்சியால் அந்தத் துளையில் மென்மையாக ஒரு குத்து. துளை மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி குத்து. அரை மணி நேரப் பயிற்சி, இடைவெளி, மீண்டும் பயிற்சி. அடுத்த நாள் அதே நத்தையை ஆக்ஸிஜன் குறைந்த நீரில் விட்டால், துளையைத் திறப்பது கணிசமாகக் குறைந்திருந்தது.

குத்துப்பட்ட அசதியாக இருக்கலாமே என்ற சந்தேகம் வரும். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பயிற்சி பெறும் ஒவ்வொரு நத்தைக்கும் ஒரு ஜோடி நத்தை. முதல் நத்தை துளையைத் திறக்கும் போதெல்லாம் இந்த இரண்டாவதுக்கும் ஒரு குத்து, அது அப்போது என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி. இரண்டும் வாங்கிய குத்துகள் சமம். ஆனால் தன் செயலுக்கும் குத்துக்கும் தொடர்பு கண்ட நத்தை மட்டுமே பழக்கத்தை மாற்றிக்கொண்டது. காரணமில்லாமல் குத்து வாங்கியது எதையும் கற்கவில்லை. கற்பதற்கு அதில் ஒன்றும் இல்லையே.

லிம்னியாவை ஆய்வாளர்கள் நாடுவதற்குக் காரணம் அதன் நரம்பு மண்டலத்தில் இருப்பவை இருபதாயிரத்துச் சொச்சம் நியூரான்களே. அவற்றில் பல பெரியவை, ஆரஞ்சு நிறத்தில் நுண்ணோக்கியில் தனித்தனியே அடையாளம் காணக்கூடியவை. காற்று மூச்சை இயக்கும் தாளம் மூன்று நியூரான்களுக்குள் அடங்கியிருக்கிறது. 1990-இல் அந்த மூன்றையும் உடம்பிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, அவை தாமாகவே இணைந்து அதே தாளத்தை உண்டாக்கின. பின்னர் 2002-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த மூன்றில் ஒன்றான ஆர்பெடி-1 என்ற நியூரானின் உடலை மட்டும் நீக்கி, அதன் கிளையை அப்படியே விட்டுவைத்தார்கள். நத்தை வழக்கம்போல மூச்சு விட்டது, கற்கவும் செய்தது. கற்றதை நீண்ட நேரம் நினைவில் வைத்துக்கொள்ள மட்டும் அதனால் முடியவில்லை. நியூரானின் உடலில்தான் மரபணுக்கள் இருக்கின்றன. நீடித்த நினைவுக்குப் புதிய புரதங்கள் அங்கே உருவாக வேண்டும். ஒரு நினைவை ஒற்றை நியூரானோடு இவ்வளவு துல்லியமாக முடிச்சுப் போட முடிந்த உயிரினங்கள் அதிகம் இல்லை.

நினைவிலும் வாசனை குறுக்கிட்டது. சில மணி நேரமே நிற்க வேண்டிய நினைவு, சிங்கி இறாலின் வாடை கலந்த நீரில் பயிற்சி கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் நின்றது. தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த, சிங்கி இறாலையே பார்த்திராத நத்தைகள் அவை. எதிரி அருகில் இருக்கும்போது கற்ற பாடம் முக்கியமானது என்று உடம்பு முடிவு செய்கிறது. மாறாக, பயிற்சிக்கு முன்போ பின்போ சிறு பாத்திரத்தில் கூட்டமாக அடைத்து வைத்தால் நீண்ட நினைவு உருவாகவே இல்லை. நெரிசல் நத்தைக்கும் மனவுளைச்சல்தான். பத்து லிட்டர் தொட்டியில் ஆறு ஆப்பிள் நத்தைகளை விடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிராஸ்லி, ஜார்ஜ் கெமெனெஷ் ஆகியோரின் குழு 2016-இல் வேறொரு கேள்வியைக் கேட்டது: சாப்பிடுவதா வேண்டாமா என்று நத்தை எப்படி முடிவெடுக்கிறது? அவர்கள் கண்ட விடை இரண்டே நியூரான்கள். ஒன்று எதிரே உணவு இருக்கிறதா என்று தெரிவிக்கிறது, மற்றது வயிறு பசித்திருக்கிறதா என்று தெரிவிக்கிறது. பசியில்லாதபோது இந்த ஏற்பாடு மூளையின் உணவு இயக்கத்தை அடக்கி வைத்துச் சக்தியை மிச்சப்படுத்துகிறது. கீரைத் துண்டின் மேலேயே ஏறிக் கடந்து போகும் நத்தையைப் பார்த்து 'நோய் வந்துவிட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம். பசியில்லை என்பதும் ஒரு காரணம்.

இனப்பெருக்கத்தில் தொட்டி நத்தைகள் ஒரே பாதையில் போகவில்லை. ட்ரம்பெட் நத்தைப் பெண்ணுக்கு ஆண் துணையே தேவையில்லை. கன்னியாகவே கருத்தரித்து, கழுத்துப் பையில் குஞ்சுகளைச் சுமந்து, உயிருள்ள குட்டிகளாக வெளியிடும். பகலெல்லாம் மணலுக்குள் இருப்பதால் எத்தனை இருக்கின்றன என்று இரவில் டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும், பார்த்தவர்கள் அதிர்ந்துபோவார்கள். பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் இருபாலிகள். ஒற்றையாக வந்தாலும் குடும்பம் பெருகிவிடும். நெரைட் தொட்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிட்டுத் தள்ளும், ஆனால் இளம் உயிரிகள் வளர உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் ஒன்றும் தேறாது.

ஆப்பிள் நத்தையில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் நத்தை இணைசேர்ந்தபின் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் என்பதால், கடையிலிருந்து ஒற்றையாக வந்த நத்தை திடீரென முட்டையிடுவதில் மர்மம் ஏதுமில்லை. இரவில் தண்ணீரை விட்டு வெளியே ஏறி, தொட்டி மூடியின் அடிப்புறத்திலோ கண்ணாடியின் விளிம்பிலோ மணிக்கணக்கில் உட்கார்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாகப் பாதத்தின் மேல் நகர்த்திக் கொண்டுவந்து அடுக்கும். ஈரமாகவும் மிருதுவாகவும் இருக்கும் கொத்து, காற்றுப் பட்டுச் சுண்ணாம்பாக இறுகும். தண்ணீருக்குள் விழுந்தால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதற்காக. இடைவெளியும் இல்லாமல், மூடியும் சரியாக இல்லாமல் இருந்தால், விடியற்காலையில் நத்தை வரவேற்பறைத் தரையில் கிடக்கும்.

மீன்கள் நிறைந்த நீரைத் தவிர்த்து வெளியே முட்டையிடுவது புத்திசாலித்தனம்; ஆனால் வெளியே பறவையும் எறும்பும் இருக்கின்றனவே? பொமேசியாவின் மற்றொரு இனமான கனாலிகுலாட்டா இதற்கு நஞ்சை வைத்திருக்கிறது. அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் ஓராசியோ எராஸின் குழு அந்த இளஞ்சிவப்பு முட்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, நரம்பைத் தாக்கும் ஒரு புரதமும், தின்றதைச் செரிக்கவிடாமல் தடுக்கும் இன்னொரு புரதமும் அவற்றில் இருப்பதைக் கண்டறிந்தது. அந்தப் பளிச்சென்ற நிறம் எச்சரிக்கைப் பலகை. நெருப்பெறும்பு போன்ற வெகு சில பிராணிகளே அதை மீறுகின்றன.

எதிரி அரிதான முட்டையிடும் இந்த நத்தை ஆசியாவுக்கு வந்தபோது என்ன நடந்தது என்பது தனிக் கதை. உணவுக்காக வளர்த்து ஏற்றுமதி செய்யலாம் என்று 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். சுவை யாருக்கும் பிடிக்கவில்லை, வியாபாரம் படுத்தது, நத்தை வயலுக்குத் தப்பியது. பிலிப்பைன்ஸ் முதல் ஜப்பான் வரை நெல் நாற்றை அறுத்துத் தள்ளும் பூச்சியாக மாறி, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவி இனங்களின் பட்டியலில் இடம் பிடித்தது. ஸ்பெயினின் எப்ரோ கழிமுக வயல்களிலும் புகுந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் பொமேசியா பேரினம் முழுவதன் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. கடை நத்தையைப் பார்த்து இனம் சொல்ல ஒரு வழி: ஓட்டின் சுருள்கள் சேரும் இடத்தில் ஆழமான வாய்க்கால் ஓடினால் கனாலிகுலாட்டா; அந்த இடம் தோள்பட்டையாகத் தட்டையாக இருந்தால் டிஃபியூசா. முன்னது தொட்டிச் செடிகளை இரண்டே இரவில் மொட்டையடிக்கும். எந்த இனமானாலும், வேண்டாத நத்தையையும் முட்டைக் கொத்தையும் ஏரியிலோ வாய்க்காலிலோ போடுவது மன்னிக்க முடியாத வேலை.

வளர்ப்பில் நடக்கும் தவறுகள் சிலவே. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஊற்றும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு. மீன் பிழைக்கும், நத்தை மடியும். ஆப்பிள் நத்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பதே தாமிரம்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் ஓட்டின் உச்சி வெள்ளையாக அரிக்கும்; அப்போது ஒன்றின் ஓட்டை மற்றொன்று சுரண்டுவதும் நடக்கும். லவ் பேர்ட்ஸுக்கு விற்கும் கடல்நுரைத் துண்டு ஒன்றைப் போட்டால் போதும். பாசியைத் தின்று தீர்க்கும் கூலியில்லா வேலையாள் என்று சொல்லி விற்பதும் பாதி உண்மைதான். பாசி தீர்ந்தபின் நத்தைக்கும் சோறு போட வேண்டும். அது தின்ற அளவுக்குக் கழிக்கவும் செய்யும். ஓசியில் வந்த நத்தைகள் நூறாகப் பெருகினால் குற்றம் நத்தையுடையது இல்லை, மீன் தின்னாமல் அடியில் தங்கும் உணவைப் போடுகிற கையுடையது. வயலில் பிடித்த நத்தையைத் தொட்டியில் விடுவது இன்னும் ஆபத்து. எலிகளின் நுரையீரல் புழுவை அவை சுமந்து வரக்கூடும், மனிதருக்கு அது மூளை உறை அழற்சியைத் தரும். எந்த நத்தையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தொட்டியில் அடிக்கடி நடக்கும் இன்னொரு விபத்து, ஃபைட்டர் மீனோ கௌராமியோ நத்தையின் உணர்கொம்பைப் புழு என்று எண்ணிக் கடித்துவிடுவது. வளர்ப்பவர் வருந்துவார், சில வாரங்களில் கொம்பு பழையபடி நீண்டிருக்கும். நத்தைக்கு இழந்த உறுப்பு வளரும் என்பது பழைய செய்தி. இத்தாலியரான லாசரோ ஸ்பலன்சானி 1768-இல் நில நத்தையின் வெட்டிய தலை திரும்ப வளர்வதாக அறிவித்தார். ஐரோப்பா பரபரத்தது, எழுத்தாளர் வால்டேரே நத்தைகளின் தலையைக் கொய்து சோதித்துப் பார்த்தார்.

புதிய செய்தி கண்ணைப் பற்றியது. ஆப்பிள் நத்தையின் ஒவ்வொரு கொம்பின் அடியிலும் சிறு காம்பு மேல் ஒரு கண் உண்டு. விழிவெண்படலம், வில்லை, விழித்திரை என்று அமைப்பில் அது மனிதக் கண்ணின் வகையைச் சேர்ந்தது. முன்பு ஸ்டோவர்ஸ் ஆய்வு நிறுவனத்திலும் இப்போது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலும் பணியாற்றும் ஆலிஸ் அக்கோர்சி, கனாலிகுலாட்டாவின் கண்ணை முழுமையாக நீக்கினால் ஒரு மாதத்தில் புதிய கண் வளர்ந்துவிடுவதை 2025-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் விவரித்தார். முதல் நாளில் காயம் மூடுகிறது. பிறகு அங்கே செல்கள் குவிந்து, வில்லையும் விழித்திரையும் பார்வை நரம்பும் ஒவ்வொன்றாக உருவாகின்றன. மனிதரிலும் ஈயிலும் கண் உருவாக்கத்தை ஆளும் பாக்ஸ்-6 மரபணுவை நத்தைக் கருவில் செயலிழக்கச் செய்தபோது, பிறந்த நத்தைகளுக்குக் கண்ணே இல்லை. வளர்ந்த நத்தையில் கண்ணை மறுபடி முளைக்கச் செய்வதும் அதே மரபணுதானா என்பது அடுத்த ஆராய்ச்சி. புதிதாக வளர்ந்த கண்ணில் எல்லாப் பாகங்களும் இருக்கின்றன, ஆனால் அதனால் நத்தை பார்க்கிறதா என்பதற்கு உறுதியான சான்று இன்னும் வரவில்லை. நத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத கேள்வி அது. புதுக்கண்ணோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அளக்கும் சோதனை ஒன்றைத்தான் அக்கோர்சியின் குழு இப்போது வடிவமைத்துக்கொண்டிருக்கிறது.